பன்னிரண்டு மணி அடித்தால்...

பரீட்சைக்கு முதல் நாள் பையன் கையிலிருந்து செல்போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறீர்களா? வெட்கப்படாதீர்கள். ஒரு நாட்டின் அரசாங்கமே சட்டம் போட்டு இதைச் செய்து பார்த்திருக்கிறது. தென்கொரியா.

கதை 1997-ல் ஆரம்பம். ஆசியப் பொருளாதார நெருக்கடியில் கொரியா குப்புற விழுந்தது. வேலை போனவர்களில் சிலர், கையில் மிஞ்சிய பணத்தைப் போட்டு 'பி.சி. பாங்' திறந்தார்கள். பாங் என்றால் அறை. நம்மூர் பிரவுசிங் சென்டர் மாதிரிதான், ஆனால் அங்கே விளையாட்டுதான் பிரதானம். 1998-ல் 'ஸ்டார்கிராஃப்ட்' வந்தது. பற்றிக்கொண்டது! சில வருஷங்களில் 20 ஆயிரத்துக்கும் மேல் கடைகள். மணிக்கு ஆயிரம் வோன் சொச்சம்தான் கட்டணம். பி.காம். படித்த புத்தி, இங்கேதான் நிற்கிறது. அப்பாவுக்கு வேலை போன வீட்டுப் பையனுக்கு இதைவிட மலிவாக வேறென்ன பொழுதுபோக்கு கிடைத்துவிடும்?

2002-ல் குவாங்ஜு நகரில் 24 வயது இளைஞர் ஒருவர் 86 மணி நேரம் விளையாடி, கடையிலேயே செத்துப்போனார். 2005-ல் டேகு நகரில் இன்னொருவர், சுமார் 50 மணி நேரம். இரண்டு பேருமே வளர்ந்தவர்கள். ஆனால், செய்தியைப் படித்த பெற்றோர் எல்லாரும் திரும்பிப் பார்த்தது வீட்டிலிருந்த பதினைந்து வயதை.

அரசாங்கம் சும்மா இல்லை. 2002-லேயே ஆலோசனை மையம் திறந்தது. 2007-ல் முற்றிப்போன பையன்களுக்காக 12 நாள் முகாம். கம்ப்யூட்டர் கிடையாது. குதிரையேற்றம், மண்பாண்டம் வனைவது, கூட்டமாக மேளம் அடிப்பது. நல்ல விஷயம்தான். ஆனால் முற்றிய பிறகு வைத்தியம்!

முற்றுவதற்கு முன்னால் பிடிக்க முடியாதா? அதற்காகப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தார்கள். 4, 7, 10-ம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் ஒரு கேள்வித்தாள். பதில்களை வைத்து மூன்று பிரிவு. பயமில்லை, எல்லையில் நிற்கிறான், எல்லை தாண்டிவிட்டான். அந்த நடுப் பிரிவுதான் முக்கியம். அவனிடம் இப்போதே உட்கார்ந்து பேசினால் முகாமுக்கு அனுப்ப வேண்டிய அவசியமே வராது, இல்லையா?

பேசுவதற்குப் பொறுமை வேண்டும். சட்டம் போடுவது சுலபம். 2011 நவம்பரில் வந்தது 'ஷட் டவுன்' சட்டம். பதினாறு வயதுக்குக் கீழே இருந்தால் நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை ஆன்லைன் விளையாட்டு கட். பசங்க விடுவார்களா? அப்பா, அம்மாவின் அடையாள எண்ணைப் போட்டு உள்ளே போனார்கள். மாட்டிக்கொண்டவன் ஒழுங்கான பையன்தான். 2012-ல், பதினைந்து வயது தொழில்முறை ஆட்டக்காரன் ஒருவன் சர்வதேசப் போட்டியில் இருந்தபோது மணி பன்னிரண்டை நெருங்கியது. அவசர அவசரமாகத் தாக்கி, தோற்றான். பிள்ளைகளின் தூக்கமாவது கூடியதா என்றால், ஓரிரு நிமிஷம் என்றது ஓர் ஆய்வு! அதற்குள் விளையாட்டு, சட்டம் எட்டாத செல்போனுக்குக் குடியேறிவிட்டது. 2022 ஜனவரி முதல் தேதி சட்டத்துக்கே ஷட் டவுன்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இதை நோய்ப் பட்டியலில் சேர்த்தபோது, மணிக்கணக்கு எதையும் எழுதவில்லை. நிறுத்த நினைத்தாலும் முடியாமல் போவது, மற்றதெல்லாம் பின்னால் போவது, கெடுதல் என்று தெரிந்தும் தொடர்வது. இவைதான் அடையாளம். அதுவும் பொதுவாக ஒரு வருஷம் நீடித்தால்தான். அந்த ஒரு வருஷத்துக்குள் கவனிக்கிற கண், வீட்டிலோ வகுப்பிலோதான் இருக்க முடியும்.

கொரியப் பள்ளிகளின் கேள்வித்தாளில் ஒரு சிக்கல் உண்டு. எல்லையில் நிற்கிறான் என்று தெரிந்தாலும், பெற்றோர் சம்மதித்தால்தான் ஆலோசனை. 'என் பிள்ளைக்கு அதெல்லாம் ஒண்ணுமில்லை சார்' என்று சொல்லத்தான் எந்த அப்பாவுக்கும் வாய் வரும். நீங்களாக இருந்தால் கையெழுத்துப் போடுவீர்களா?