டால்பி ‘பி’ பிறந்த கதை

பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் பெர்லின் கண்காட்சியில் கேசட்டைக் கொண்டுவந்து வைத்தபோது, பேச்சைப் பதிவு செய்யும் கருவியாகத்தான் அதைப் பார்த்தார்கள். நாடாவின் அகலம் 3.81 மி.மீ.; ஓடும் வேகம் நொடிக்கு 4.76 செ.மீ. ஸ்டூடியோ நாடா 38 செ.மீ. ஓடிய காலம் அது. போதாக்குறைக்கு, ஸ்டீரியோ வந்ததும் அந்த ஒடுங்கிய நாடாவில் நான்கு தடங்கள். பாட்டு தணிகிற இடத்திலெல்லாம் ‘உஸ்ஸ்’ என்று இரைச்சல் மேலே வந்தது.

அதே 1963-இல் ரே டால்பி என்ற அமெரிக்கர் யுனெஸ்கோ ஆலோசகராகச் சண்டிகரில் இருந்தார். அங்கிருந்து லண்டன் போய் 1965-இல் சொந்த நிறுவனம் தொடங்கினார். அவருடைய முதல் இரைச்சல் குறைப்பான் (‘ஏ’ வகை) ஸ்டூடியோக்களுக்கானது. டெக்கா இசைத்தட்டு நிறுவனம் வாங்கியது. வீட்டுக்கும் ஒன்று செய்து தரும்படி ஹென்றி கிளாஸ் என்ற ஒலிப்பெட்டித் தயாரிப்பாளர் கேட்க, 1968-இல் ‘பி’ வந்தது. அதைக் கேசட்டில் பொருத்தி 1971-இல் கிளாஸ் வெளியிட்ட அட்வென்ட் 201 டெக்கைக் கேட்ட பிறகுதான் ஹை-ஃபைக்காரர்கள் கேசட்டை மதித்தார்கள்.

வேலை எளிதுதான். பதியும்போது மெல்லிய டிரெபிள் ஒலிகளை மட்டும் சுமார் 10 டெசிபெல் வரை தூக்கிவிடும். உரத்த ஒலியைத் தொடாது. அது தானே இரைச்சலை மூடிவிடும். திரும்பக் கேட்கும்போது தூக்கிய அளவுக்கு இறக்கும். கூடவே நாடாவின் உஸ்ஸும் இறங்கும்.

சிக்கல் இங்கேதான். ‘எது மெல்லியது’ என்பதைத் திரும்பக் கேட்கும் டெக் தானாகவே தீர்மானிக்க வேண்டும். நாடாவிலிருந்து ஒலி கொஞ்சம் குறைவாக வந்தால், தேவைக்கு மேல் இறக்கிவிடும். கம்பளிக்குள்ளிருந்து பாடுவதுபோல் ஆகிவிடும். அதனால் எல்லா டெக்குக்கும் பொதுவாக ஓர் அளவு வைத்தார்கள்: மீட்டருக்கு 200 நானோவெபர் காந்தப் பதிவு. பல டெக்குகளின் மீட்டரில் இரட்டை ‘டி’ முத்திரை நிற்கும் இடம் அதுதான்.

அளவு சரியாக இருந்தும், நாடாவைத் தொட்டுப் படிக்கும் ஹெட் சாய்ந்திருந்தால் எல்லாம் வீண். 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை கேசட் நாடாவில் ஐந்து மைக்ரான்கூட இல்லை. தடமோ 0.6 மி.மீ. அகலம். பதிந்த ஹெட்டுக்கும் படிக்கும் ஹெட்டுக்கும் அரை டிகிரி கோணம் விலகினால் போதும், அந்த ஒலி கிட்டத்தட்ட அழிந்தே போகும். டால்பி சுற்று அதையும் ‘மெல்லிய ஒலி’ என்று எடுத்துக்கொண்டு இன்னும் அமுக்கும். ஹெட்டின் பக்கத்தில் சுருள்வில்லோடு இருக்கும் சின்ன ஸ்குரூவைத் திருப்பி ஹெட் அட்ஜஸ்ட் செய்த மெக்கானிக்குகள் திருத்தியது இந்தக் கோணத்தைத்தான். நாகமிச்சி 1982-இல் ‘டிராகன்’ டெக்கில் இந்தத் திருப்பலை மோட்டாரிடம் விட்டது. ஓடும் பாட்டைக் கேட்டே அது கோணத்தைச் சரிசெய்துகொள்ளும். நியாயமாக எல்லா டெக்கிலும் இருந்திருக்க வேண்டிய வசதி. விலையால் சிலருக்கே வாய்த்தது.

இத்தனை இடைஞ்சலுக்கு நடுவிலும் ‘பி’ ஏன் நிலைத்தது? டேவிட் பிளாக்மரின் டிபிஎக்ஸ் முறை இரைச்சலை இன்னும் அதிகமாக அடக்கியது. ஆனால் அதில் பதிந்த கேசட்டைச் சாதாரண டெக்கில் போட்டால் காது கொடுத்துக் கேட்க முடியாது. ஒலி ஏறி இறங்கி மூச்சிரைக்கும். டால்பி ‘பி’ கேசட்டோ அந்தப் பொத்தானே இல்லாத பெட்டியிலும் பாடும், டிரெபிள் மட்டும் சற்றுத் தூக்கலாக. அதுவே பிடித்துப்போய், பொத்தான் இருந்தும் அதை அணைத்துவிட்டுக் கேட்டவர்கள் ஏராளம். என் கருத்தில் அவர்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. 1980-இல் இரட்டிப்பு வலுவோடு டால்பி ‘சி’ வந்தது. ஆனாலும் கடைகளில் விற்ற பாட்டுக் கேசட்டுகளில் பெரும்பாலும் ‘பி’யையே போட்டார்கள், வாங்குபவர் வீட்டில் எந்தப் பெட்டி இருக்கிறதென்று கம்பெனிக்கு எப்படித் தெரியும்?