பெயரும் மருந்தும்: பூஞ்சைகளின் மருந்தெதிர்ப்பும் சென்னையின் வகைப்பாட்டு மரபும்

முன்னுரை

பூஞ்சைகளின் மருந்தெதிர்ப்பு, மருந்தைத் தவறாகப் பயன்படுத்தியதால் அண்மையில் விளைந்த சிக்கல் என்றே பெரும்பாலும் எழுதப்படுகிறது. படர்தாமரையை உண்டாக்கும் டிரைக்கோபைட்டான் இண்டோட்டினே என்னும் இனத்திற்கு இக்கூற்றுப் பொருந்தும். 2020இல் பெயர் பெற்ற அதன் பல வகைகள், ஒரே ஒரு நொதியின் மரபணுவில் நேர்ந்த மாற்றத்தால் டெர்பினஃபைனுக்கு அடங்குவதில்லை. எனினும் மருந்துகள் பிறப்பதற்கு முன்பே இனங்களின் உடலமைப்பில் அமைந்துவிட்ட எதிர்ப்பும் உண்டு. கருப்புப் பூஞ்சை நோயைத் தரும் மியூக்கரேல்ஸ் வரிசை வோரிகோனசோலுக்கு இயல்பாகவே அடங்காது, ஆம்ஃபோடெரிசினுக்கு அடங்கும். ஆஸ்பெர்ஜில்லஸ் டெரியஸில் நிலைமை நேர்மாறானது. கிரிப்டோகாக்கஸ் மீது எக்கினோகேண்டின்கள் பயன்படுவதில்லை. இவ்வகை எதிர்ப்பு வகைப்பாட்டுக் கிளைகளைத் தழுவியே செல்வதால், நுண்ணுயிரின் பெயரை அறிவது மருந்தை அறிவதன் முதற்படியாகிறது. இத்தொடர்பு தமிழகத்தில், குறிப்பாகச் சென்னையில், வெளிப்பட்ட வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

மதுரைக்கால்

1842இல் மதுரையில் பணியாற்றிய கில் என்னும் மருத்துவர் பாதம் வீங்கிப் புரையோடும் நோயொன்றைப் பதிவு செய்தார். 1846இல் கோல்புரூக் அதனை ‘மதுரைக்கால்’ என அழைத்தார். பம்பாயில் ஆய்வு செய்த வேண்டைக் கார்ட்டர் 1860 அளவில் ‘மைசிட்டோமா’, அதாவது பூஞ்சைக் கட்டி, எனப் பெயரிட்டார். பெயரில் பூஞ்சை நிலைபெற்றது. உண்மை அதில் பாதியே. 1894இல் வின்சென்ட் இந்நோயிலிருந்து பிரித்தெடுத்த உயிரி, இழைவடிவம் கொண்டிருப்பினும், பாக்டீரியா. இன்று அது ஆக்டினோமதுரா மதுரே எனப்படுகிறது. மதுரை அப்பெயரில் இருமுறை ஒலிக்கிறது. பாக்டீரியாவால் வரும் மதுரைக்கால் சல்ஃபா, அமிக்காசின் போன்ற பாக்டீரியா எதிர்ப்பு மருந்துகளுக்குப் பெரும்பாலும் கட்டுப்படுகிறது. மெய்ப்பூஞ்சையால் வருவதோ மாதக்கணக்கில் அசோல் மருந்து கொடுத்தும் அறுவையில் முடிவது உண்டு. ஒரே தோற்றம், ஒரே பெயர், இருவேறு உயிருலகங்கள்.

சென்னைப் பல்கலைக்கழக மரபு

சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தை எம்.ஓ.பி. அய்யங்கார் பாசியியலின் தலைமையிடமாக வளர்த்தார். அவருக்குப்பின் 1944இல் பொறுப்பேற்ற டி.எஸ். சதாசிவன் காலத்தில் பூஞ்சையியலும் தாவர நோயியலும் அங்கு முதன்மை பெற்றன. அவர்தம் மாணவர் சி.வி. சுப்பிரமணியன் பருத்தி வாடல் நோய்க்குக் காரணமான ஃபியூசேரியத்தில் ஆய்வைத் தொடங்கினார். 1962இல் அவர் வெளியிட்ட ஹைஃபோமைசீட்டுகளின் வகைப்பாடு, கொனிடியங்கள் என்னும் பாலிலா வித்துகள் தோன்றும் முறையை அடிப்படையாகக் கொண்டது. 1971இல் இந்திய இனங்களைத் தொகுத்த அவரது பெருநூல் வந்தது. உருவ வேறுபாடுகளை எண்ணும் இத்தகைய பணியைப் பழைமையானதென ஒதுக்கும் போக்கு பின்னர் வளர்ந்தது. அம்மதிப்பீடு அவசரமானது.

தமிழகக் கண் மருத்துவமே அதற்குச் சான்று. வயலில் நெல்லிதழோ மண்ணோ பட்டுக் கருவிழியில் உண்டாகும் புண்ணில் தென்னிந்தியாவில் மிகுதியாகக் காணப்படுவன ஃபியூசேரியமும் ஆஸ்பெர்ஜில்லஸுமே. இரண்டும் ஹைஃபோமைசீட்டுகள். புதிய மருந்தான வோரிகோனசோலையும் பழைய நேட்டமைசினையும் ஒப்பிட்டு, தமிழக, புதுவை அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2013இல் வெளியாயிற்று. பழைய மருந்தே வென்றது. ஆயினும் அவ்வெற்றி ஏறத்தாழ முழுவதும் ஃபியூசேரியம் தந்தது. அந்நோயாளிகளின் பார்வையில் பட்டியலின் நான்கு வரி அளவு வேறுபாடு இருந்தது. பிற பூஞ்சைகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. அசோல்கள் தாக்கும் நொதிக்கு ஃபியூசேரியத்தில் மூன்று மரபணுக்கள் இருப்பது அதன் இயல்பான எதிர்ப்புக்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. பருத்திக் காட்டில் சுப்பிரமணியன் ஆராய்ந்த அதே பேரினம் இது.

பூஞ்சையல்லாத பூஞ்சை

நுங்கம்பாக்கம் சங்கர நேத்ராலயாவின் மருத்துவர்கள் 2018இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஆப்தல்மாலஜி இதழில் பித்தியம் இன்சிடியோசம் தரும் கருவிழிப் புண் பற்றி எழுதினர். கருவிழி மாற்று அறுவையின்போது, நோய் திரும்புவதைக் குறைக்க என்ன செய்யலாம் என்பதே அதன் பொருள். நுண்ணோக்கியில் பித்தியம் பூஞ்சை இழையாகவே தோன்றும். ஆகவே நேட்டமைசின் தொடங்கப்படும், புண் விரியும். நேட்டமைசினும் ஆம்ஃபோடெரிசினும் பற்றுவது எர்கோஸ்டிரால் என்னும் சவ்வுப் பொருளை. அசோல்கள் தடுப்பது அதன் ஆக்கத்தை. பித்தியமோ ஸ்டிரால் ஆக்கும் திறனற்றது. இதனை எதிர்ப்பு என்பதைவிட இலக்கின்மை என்பதே பொருந்தும். ஊமைசீட் தொகுதியைச் சேர்ந்த அது உறவில் பழுப்புப் பாசிகளுக்கு நெருங்கியது. சென்னை ஆய்வக மொழியில் சொன்னால், சுப்பிரமணியனின் அலமாரியைவிட அய்யங்காரின் அலமாரிக்கே அது அணித்தானது. லைனசோலிட், அசித்ரோமைசின் ஆகிய பாக்டீரியா மருந்துகள் இன்று அதற்குக் கொடுக்கப்படுகின்றன. மதுரைக்காலில் இழைவடிவப் பாக்டீரியா பூஞ்சையெனப் பெயர் பெற்ற கதை இங்கு வேறொரு உயிரியில் மீள்கிறது.

மரபணுச் சோதனை இன்று ஐயத்தைத் தீர்க்கிறது. அவ்வசதி இல்லாத ஆய்வகத்திற்கு எளிய வழியொன்று உண்டு: வேகவைத்த புல்லிலைத் துண்டில் உயிரியைப் படரவிட்டு நீரில் இட்டால், சில மணி நேரத்தில் கசையிழை கொண்ட இயங்குவித்துகள் நீந்தி வெளிவரும். கருவிழியைத் தாக்கும் மெய்ப்பூஞ்சை எதுவும் இவ்வாறு நீந்துவதில்லை. இச்சோதனைக்குத் தேவைப்படுவன புல், நீர், நுண்ணோக்கி, அவற்றுடன் நுண்ணோக்கியில் தெரிவதை இனங்காணப் பழகிய ஒருவர்.