கிளைமொழியும் இரு நாவல்களும்

கோவையிலிருந்து வேலந்தாவளம் வழியாகக் கேரளத்துள் நுழைவோர் மாநில எல்லையை உணர்வர். மொழியெல்லையை அங்ஙனம் உணரார். அப்பாலும் கொங்குத் தமிழ் வழங்குகிறது. அத்தமிழை நாவலுள் கொணர்ந்த முன்னோடி ஆர். சண்முகசுந்தரம் (1917–1977). கணவனின் நிலத்தில் பங்கு கோரும் கைம்பெண்ணின் கதையாகிய அவருடைய 'நாகம்மாள்' 1942-இல் வெளிவந்தது. அதில் மாந்தர் உரையாடல் கொங்குப் பேச்சிலும் ஆசிரியர் கூற்று பொதுத்தமிழிலும் அமைகின்றன.

ஆங்கிலத்திலும் ஸ்காட்ஸ் மொழியிலும் எழுதிய லூயிஸ் கிராஸிக் கிப்பன் (1901–1935) வேறு நெறி கண்டார். தம் ஆங்கில நூல்களுட் பெரும்பாலானவற்றை லெஸ்லி மிட்செல் என்னும் இயற்பெயரில் வெளியிட்ட அவர், 'சன்செட் சாங்' (1932) நாவலுக்குப் புனைபெயர் பூண்டார். அதன் ஆசிரியர் கூற்றிலேயே ஸ்காட்ஸ் சொற்களும் பேச்சோசையும் கலந்துள்ளன.

மொழிபெயர்ப்பாளர்க்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது. 'நாகம்மாள்' உரையாடலைப் பொதுநடையாக்கினால் மாந்தர்க்கும் கதைசொல்லிக்கும் இடையிலான தொலைவு மறையும். கிப்பனின் கூற்றைப் பொதுநடையாக்கினால் கதைசொல்லும் ஊரே மறையும். கிளைமொழியைக் கொச்சையெனத் திருத்துவோர் இரண்டையும் இழப்பர். ஆகவே, மூலத்தில் கிளைமொழி எவ்வடுக்கில் நிற்கிறது என்பதை வரையறுத்த பின்னரே பெயர்ப்பு நடையைத் தேர்தல் வேண்டும்.