கூண்டிலே எடுத்த படமும் காட்டிலே எடுத்த படமும்: விலங்குகளைப் படம்பிடிப்போருக்கு ஒரு கையேடு

சப்ரகமுவ மாகாணத்தில் யானையைப் படம் எடுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் மூன்று இடங்களுக்குப் போகிறார்கள். ஒன்று, கேகாலை மாவட்டத்தின் பின்னவல. மற்றொன்று, இரத்தினபுரி மாவட்டத்தின் தென்கோடியில் உள்ள உடவளவை தேசிய பூங்கா. மூன்றாவது, அதே உடவளவையில் தாயை இழந்த குட்டிகளைப் பராமரிக்கும் யானைகள் இடைத்தங்கல் நிலையம். மூன்று இடத்துப் படங்களையும் முகநூலில் அடுத்தடுத்துப் பார்த்தால் பலருக்கும் வித்தியாசம் தெரியாது. எல்லாவற்றிலும் தண்ணீர், புழுதி, பச்சை, நடுவில் யானை. ஆனால் அந்த யானைகள் வாழும் வாழ்க்கை மூன்று விதமானது. படம் அதைச் சொல்லாவிட்டால், பார்ப்பவருக்கு அதை அறிய வேறு வழியில்லை.

கொடகவெலயில் இருந்துகொண்டு ஊடகப் பணி செய்யும் எனக்கு, தோட்டத்து இளைஞர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்விகள் இரண்டு. "எந்த கமரா வாங்குவது?", "மிருகக்காட்சிசாலையில் எடுத்தால் அது வனவிலங்குப் படமா?" முதலாவதற்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதுதான் முக்கியமானது. இந்தக் கட்டுரை இரண்டுக்குமானது.

மூன்று இடங்கள், மூன்று நிலைமைகள்

பின்னவல 1975ஆம் ஆண்டு வனஜீவராசிகள் திணைக்களத்தால் ஆரம்பிக்கப்பட்டது. 1978இல் அது மிருகக்காட்சிசாலைகளை நிர்வகிக்கும் திணைக்களத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அநாதைக் குட்டிகளுக்காகத் தொடங்கிய இடத்தில், 1984 முதல் குட்டிகள் பிறக்கவும் தொடங்கின. இன்று அங்கே நிற்கும் யானைகளில் பல காட்டையே கண்டதில்லை. மகா ஓயாவில் குளிக்கும் கூட்டத்தின் படம் அழகானதுதான். ஆனால் அந்த யானைகள் பாகர்களின் சொல்லுக்கு ஆற்றில் இறங்கி, பாகர்களின் சொல்லுக்குக் கரையேறுபவை.

உடவளவை இடைத்தங்கல் நிலையம் 1995இல் தொடங்கியது. அதன் நோக்கம் வேறு. குட்டிகளுக்கு ஏறக்குறைய மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு முறை பால் கொடுக்கிறார்கள். பார்வையாளர்கள் குறித்த நேரங்களில், எட்டத்தில் உள்ள மேடையிலிருந்து மட்டும் பார்க்கலாம். தொடவோ, பால் ஊட்டவோ, அருகில் நின்று செல்பி எடுக்கவோ முடியாது. இந்தக் கட்டுப்பாட்டுக்குக் காரணம் இருக்கிறது. சுமார் ஐந்து வயதானதும் குட்டிகள் கூட்டமாகக் காட்டில் விடப்படுகின்றன. மனிதரோடு பழகிய யானை காட்டில் நெடுநாள் தப்பாது. இதுவரை நூறுக்கும் மேற்பட்டவை இப்படித் திரும்பிப் போயிருக்கின்றன.

மூன்றாவது, பூங்கா. 1972இல் பிரகடனப்படுத்தப்பட்ட உடவளவை, 300 சதுர கிலோமீற்றருக்கும் சற்று அதிகமான பரப்பில் சப்ரகமுவ, ஊவா ஆகிய இரண்டு மாகாணங்களிலும் விரிந்து கிடக்கிறது. இங்கே யானை வருவதும் வராததும் யானையின் விருப்பம்.

இந்த மூன்றுக்கும் இடையில் ஒரு விசித்திரமான காட்சியும் உண்டு. உடவளவையிலிருந்து தணமல்வில போகும் வீதியில், பூங்காவின் மின்வேலிக்கு உட்புறமாக ஆண் யானைகள் வந்து நிற்கும். வாகனங்களில் போவோர் பழங்கள் வாங்கிக் கொடுத்துப் பழக்கிவிட்டார்கள். அது காட்டு யானைதான். ஆனால் அது வீதியோரம் நிற்பது காட்டு யானையின் இயல்பினால் அல்ல, நம் கையினால். அந்தப் படத்தை "காட்டு யானை" என்று மட்டும் போட்டால் பாதி உண்மை. "வீதியோரம் உணவுக்காகக் காத்திருக்கும் யானை" என்று போட்டால்தான் முழு உண்மை.

மிருகக்காட்சிசாலையில் படம் எடுக்கும்போது

கூண்டிலே எடுத்த படம் என்பதற்காக அது தாழ்ந்ததாகிவிடாது. தெஹிவளை மிருகக்காட்சிசாலை 1936இலிருந்து அரசின் கையில் இருக்கிறது. கமராவின் இயக்கத்தைப் பழக அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. விலங்கு ஓடிப்போகாது, நாம் பிழை விட்டுத் திருத்தலாம், பெரிய லென்ஸ் தேவையில்லை. சில நுட்பங்கள் மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

கம்பி வலை இருந்தால், அனுமதிக்கப்பட்ட தூரத்துக்குள் லென்ஸை வலைக்கு எவ்வளவு கிட்ட வைக்க முடியுமோ அவ்வளவு கிட்ட வையுங்கள். துவாரத்தை எஃப் 2.8 அல்லது எஃப் 4 அளவுக்கு அகலமாகத் திறவுங்கள். விலங்கு வலையை விட்டு விலகிப் பின்னால் போகும்வரை பொறுத்திருங்கள். இந்த மூன்றும் சேர்ந்தால் வலை மங்கி மறைந்துவிடும். வெயில் படும் வலை மறையாது. நிழல் விழும் பக்கத்தைத் தேடிக்கொள்ளுங்கள்.

கண்ணாடித் தடுப்பு என்றால் லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து, பிரதிபலிப்பைக் கறுப்புத் துணியாலோ உள்ளங்கையாலோ மறையுங்கள். பிளாஷ் வேண்டாம். அது கண்ணாடியில் பட்டுத் திரும்பும். விலங்கின் கண்ணையும் கூசவைக்கும். கைத்தொலைபேசிக்கும் இதே விதிகள்தான். தொலைபேசியின் சிறிய லென்ஸை வலையின் ஒரு கண்ணுக்குள் நேராகப் பொருத்திவிடலாம் என்பது கூடுதல் வசதி.

காலையில் திறந்தவுடன் போங்கள். வெயில் ஏறினால் விலங்குகள் படுத்துவிடும். கூண்டைத் தட்டுவது, கல்லெறிவது, கத்துவது எல்லாம் எங்கள் பக்கத்தில் சாதாரணமாக நடப்பவை. அப்படி எழுப்பிய விலங்கின் முகத்தில் வருவது கோபமோ பயமோதான். அதைக் கம்பீரம் என்று தலைப்பிட்டுப் பகிர்கிறோம். ஒரே பாதையில் திரும்பத் திரும்ப நடக்கும் சிறுத்தை, நின்ற இடத்திலேயே தலையை ஆட்டிக்கொண்டிருக்கும் யானை ஆகியவை அடைபட்ட வாழ்வின் அழுத்தத்தைக் காட்டும் அறிகுறிகள். அவற்றை மறைத்து எடுப்பதா, காட்டி எடுப்பதா என்பது உங்கள் தெரிவு. சங்கிலியைச் சட்டகத்துக்குள் விட்டு எடுத்த படம், சில வேளைகளில் வெட்டி எடுத்ததை விடக் கனமானது.

காட்டில் படம் எடுக்கும்போது

காட்டில் முதல் தேவை தூரம். 300 அல்லது 400 மில்லிமீற்றர் லென்ஸ் இருந்தால் நல்லது. கையில் பிடித்து எடுக்கும்போது வேகம் லென்ஸின் நீளத்துக்குக் குறையக் கூடாது என்பது பழைய விதி: 400 மில்லிமீற்றருக்குக் குறைந்தது 1/400 வினாடி. ஓடும் விலங்குக்கும் பறக்கும் பறவைக்கும் 1/1000 தாண்ட வேண்டும். ஜீப்பில் முக்காலி உதவாது. அரிசியோ பயறோ நிரப்பிய சிறு துணிப்பை போதும். அதை ஜீப்பின் கம்பியில் வைத்து, அதன்மேல் லென்ஸைக் கிடத்துங்கள். சாரதியிடம் எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள். அதிர்வும் குறையும், யானையும் அமைதியாகும்.

பூங்காவுக்குள் ஜீப்பை விட்டு இறங்கக் கூடாது. யானை காதுகளை அகல விரித்து, தலையை உயர்த்தி, நேராக உங்களைப் பார்த்து நின்றால், அது உங்களுக்காகப் போஸ் கொடுக்கவில்லை; எச்சரிக்கிறது. அப்போது கமராவை இறக்கிவிட்டு, வாகனத்தைப் பின்வாங்கச் சொல்வதுதான் சரி. இரண்டு ஜீப்புகள் ஒரு குட்டியையும் தாயையும் பிரித்து நிற்கும் இடத்தில் கிடைக்கும் படம், எவ்வளவு தெளிவாக இருந்தாலும் எடுக்கக் கூடாத படம். கூடுதல் பணம் தருகிறேன், இன்னும் கிட்டப் போ என்று சாரதியை நெருக்குவதும் நாம்தான் என்பதை மறக்க வேண்டாம்.

நெருங்க முடியவில்லையே என்று வருந்தவும் தேவையில்லை. தமிழகத்தின் மா. கிருஷ்ணன் (1912–1996) வண்ணத்தை நாடாமல் கறுப்பு வெள்ளையிலேயே இந்தியக் காட்டு விலங்குகளைப் படம்பிடித்தவர். பல பாகங்களைத் தானே பொருத்திச் செய்த கமராவுக்கு 'சூப்பர் பொண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்திருந்தார். அவர் படங்களில் விலங்கோடு அது நிற்கும் மரமும் புல்லும் நிலமும் சேர்ந்தே வரும். முகத்தை மட்டும் நிரப்பும் படத்தைத் தெஹிவளையிலும் எடுக்கலாம். விலங்கு எங்கே வாழ்கிறது என்பதைக் காட்டும் படம் காட்டில் மட்டுமே கிடைக்கும்.

தோட்டத்தைச் சுற்றியுள்ள காடு

கொடகவெல, இறக்குவானைப் பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு ஜீப் வாடகை கொடுக்க வேண்டியதில்லை. மயில், மந்தி, மலை அணில், காட்டுப்பன்றி எல்லாம் லயத்துக்குப் பின்னாலேயே வரும். இறக்குவானைக்கு அப்பால், 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த சிங்கராஜாவின் கிழக்குப் பக்கக் காடுகள் இருக்கின்றன. மழைக்காட்டில் வெளிச்சம் மிகக் குறைவு, ஐ.எஸ்.ஓ. அளவை 3200 வரை ஏற்றத் தயங்காதீர்கள். சற்றுப் புள்ளி விழுந்த படம், அசைந்து குழம்பிய படத்தை விட மேல்.

ஆனால் தோட்டத்துக் காட்டில் சுருக்குக் கம்பிகளும் இருக்கின்றன. 2020 மே 26ஆம் திகதி நல்லதண்ணியில், ஒரு தேயிலைத் தோட்டத்தின் மரக்கறிச் செய்கை நிலத்தில், அரிதான கருஞ்சிறுத்தை ஒன்று கம்பிச் சுருக்கில் சிக்கியது. அதை மீட்டு உடவளவைக்குச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார்கள். மே 29ஆம் திகதி அது இறந்தது. மலையகத்தில் கருஞ்சிறுத்தை இருப்பதைத் தானியங்கிக் கமரா பதிவு செய்த செய்தி வெளியாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. நாட்டில் பெரும்பாலானோர் அந்த விலங்கைப் பார்த்தது கழுத்தில் கம்பியோடு.

எனவே தோட்டத்தில் அரிய விலங்கைப் படம் எடுத்தால், இடத்தைச் சொல்லாதீர்கள். பிரிவு இலக்கமோ, மலையின் பெயரோ, கைத்தொலைபேசி தானாகப் பதியும் இடக்குறிப்போ வேண்டாம். கமராவின் அமைப்பில் இடப் பதிவை நிறுத்திவிட்டுப் பகிருங்கள். சுருக்கில் சிக்கிய விலங்கைக் கண்டால் முதலில் படமல்ல, அழைப்பு: வனஜீவராசிகள் திணைக்களத்தின் அவசர இலக்கம் 1992.

வடக்கில் படம் எடுப்போருக்கு

வங்காலை, சுண்டிக்குளம், தொண்டைமானாறு என்று வலசைப் பறவைகள் வரும் நீர்நிலைகள் நம் ஊர்களிலும் இருக்கின்றன. பூநாரைகளைப் படம் எடுக்க யாழ்ப்பாணத்திலிருந்து உடவளவைக்கு வரத் தேவையில்லை. ஆனால் வடக்கின் காட்டுக்கும் கரைக்கும் தனி விதி ஒன்று உண்டு. மிதிவெடி எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில், எந்தப் பறவைக்காகவும் பாதையை விட்டு இறங்காதீர்கள். போராளிப் பெண் ஒருத்தியும் இராணுவ அதிகாரி ஒருவரும் வில்பத்துக் காட்டினூடாகச் செல்லும் கதையை ஆங்கிலத்தில் எழுதிய நாவலாசிரியர் நிஹால் டி சில்வா, 2006 மே 28ஆம் திகதி அதே வில்பத்துவில் கண்ணிவெடியில் சிக்கி உயிரிழந்தார். காடுகளை நேசித்த மனிதர் அவர்.

2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஊருக்குள் வந்த சிறுத்தை பலரைக் காயப்படுத்தியது. அச்சமடைந்த மக்கள் அதை அடித்துக் கொன்றார்கள். கொன்ற பிறகு எடுத்த படங்களும் காணொளிகளும் நாடெங்கும் பரவின. காயப்பட்ட மக்களின் பயம் நியாயமானது. வனத்துறை நேரத்துக்கு உதவவில்லை என்ற அவர்களின் கோபத்தையும் ஒதுக்க முடியாது. ஆனால் ஊரின் பயத்தையோ காயப்பட்டவர்களையோ அந்தப் படங்கள் காட்டவில்லை. செத்த விலங்கையும் சிரிக்கும் முகங்களையும் மட்டுமே காட்டின. நாடு கிளிநொச்சியை அந்தப் படங்களைக் கொண்டே எடைபோட்டது.

படக்குறிப்பு எனும் கடமை

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஆண்டுதோறும் நடத்தும் வனவிலங்குப் படப் போட்டியில், 2009ஆம் ஆண்டின் முதற்பரிசு வேலியைத் தாண்டிப் பாயும் ஓநாயின் படத்துக்குக் கிடைத்தது. அது காட்டு ஓநாய் அல்ல, பழக்கப்பட்ட ஓநாயாகவே இருக்க வேண்டும் என்று நடுவர்கள் முடிவு செய்து 2010 ஜனவரியில் பரிசைத் திரும்பப் பெற்றார்கள். அதே போட்டியில் 2017இல் பரிசு பெற்ற எறும்புண்ணிப் படத்தில் இருப்பது பாடம் செய்யப்பட்ட விலங்கு என்று 2018இல் முடிவாகி அதுவும் நீக்கப்பட்டது. இரண்டு படப்பிடிப்பாளர்களும் குற்றச்சாட்டை மறுத்தார்கள். இரண்டு படங்களுமே அழகானவை. அவை பரிசை இழந்தது அழகில் குறை இருந்ததால் அல்ல.

நம் வாசகர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. போர்க்காலத்தில் ஓரிடத்துப் படம் வேறோரிடத்துச் செய்தியோடு வந்ததையும், திகதி மாறி வந்ததையும் நாம் கண்டிருக்கிறோம். 2009இல் மெனிக் பாம் முட்கம்பிக்குப் பின்னால் நின்றவர்களை வந்தவர்களெல்லாம் படம் எடுத்தார்கள். கம்பியை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் காட்டிய படமும், கம்பியோடு காட்டிய படமும் ஒன்றல்ல என்பது அங்கே நின்றவர்களுக்குத் தெரியும். மனிதரையும் விலங்கையும் ஒப்பிட இதைச் சொல்லவில்லை. சட்டகத்துக்கு வெளியே விடப்பட்டது எது என்று கேட்கும் பழக்கம் நம்மிடம் ஏற்கெனவே உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆகவே படத்தின் கீழே நான்கு விடயங்களை எழுதுங்கள். விலங்கின் பெயர். எடுத்த ஆண்டு, மாதம். விலங்கின் நிலை: மிருகக்காட்சிசாலை, பராமரிப்பு நிலையம், காடு, அல்லது உணவு கொடுத்துப் பழக்கிய இடம். கணினியில் எதையாவது நீக்கியோ சேர்த்தோ இருந்தால் அதுவும். அரிய விலங்கு என்றால் ஊரின் பெயருக்குப் பதில் மாவட்டத்தின் பெயர் போதும்.

எந்த கமரா வாங்குவது என்ற முதல் கேள்விக்கும் பதில் இதுதான்: கையில் இருப்பதை வைத்துத் தொடங்குங்கள். தெஹிவளையில் பழகுங்கள், இடைத்தங்கல் நிலையத்தின் மேடையில் பொறுமையைக் கற்றுக்கொள்ளுங்கள், பிறகு காட்டுக்குப் போங்கள். பின்னவல யானையைப் பின்னவல யானை என்று எழுதுகிறவர், உடவளவை யானையைக் காட்டு யானை என்று எழுதும்போது நாங்கள் நம்புவோம்.