வழிப்படத்தில் இடப்புறத் திருப்பம்

வழியறியாதானுக்கு வழி உரைப்போன் இரண்டு செய்திகளை உரைத்தல் வேண்டும். எவ்வீதியாற் செல்லவேண்டும் என்பது ஒன்று. எவ்விடத்தில், வீதியின் எப்பகுதியில் நின்று திரும்பவேண்டும் என்பது மற்றொன்று. முன்னதைத் தேசப்படங்கள் நெடுங்காலமாகக் கூறி வந்துள்ளன. பின்னதைக் கூறும் ஆற்றலை அவை பெற்றது மிக அண்மையிலேயாகும்.

வீயன்னா நகரிற் பேணப்படும் பியூட்டிங்கர் படம் உரோமப் பேரரசின் வீதிகளைக் காட்டும் பழைய சுருளொன்றின் இடைக்காலப் படியாகும். ஏறத்தாழ ஏழு மீற்றர் நீளமான அச்சுருளில் நாடுகளின் வடிவம் சிதைந்துள்ளது. ஊர்களும் அவற்றிடை உள்ள தூரமும் மட்டுமே கருதப்பட்டன. 1675இல் இலண்டனில் ஜோன் ஒகில்பி வெளியிட்ட 'பிரித்தானியா' என்னும் நூல் இத்துறையில் ஒரு திருப்பமாகும். வீதிகள் சக்கரம் உருட்டி அளக்கப்பட்டு, ஒரு மைலுக்கு ஓர் அங்குலமாக நூறு ஏடுகளில் வரையப்பட்டன. கிளை வழிகள் பிரியுமிடத்தில், அவை எவ்வூருக்குச் செல்வன என்பதும் குறிக்கப்பட்டது. எனினும் ஒகில்பியின் வீதி பிரிவற்ற ஒரே பாதையாகவே இருந்தது. குதிரையிற் செல்வோனுக்கு அதற்குமேல் வேண்டியதில்லை.

மோட்டார் வண்டி வந்தபின் வீதியே பிளவுபட்டது. 1911இல் ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து வெயின் மாவட்டத்தில், எட்வேட் ஹைன்ஸ் என்பாரின் முயற்சியால் வீதியின் நடுவே கோடு தீட்டப்பட்டது. பால்வண்டியொன்றிலிருந்து ஒழுகிய பாலின் கோடே அவருக்கு இவ்வெண்ணத்தைத் தந்தது என்பர். நடுக்கோட்டைத் தொடர்ந்து தடக்கோடுகளும், திருப்பத்தைக் காட்டும் அம்புக்குறிகளும் காலப்போக்கில் வழக்கில் வந்தன.

அந்நாட்டில் வாகனங்கள் வலப்புறமாகச் செல்வன. ஆதலின் அங்கே இடப்புறம் திரும்புவோன் எதிரே வரும் வாகனங்களைக் குறுக்கறுத்தே செல்லல் வேண்டும். இலங்கையில் வலப்புறம் திரும்புவோனுக்கு உள்ள இடர்ப்பாடு அங்கே இடப்புறம் திரும்புவோனுக்கு உரியது. அந்நாட்டு வீதிப் பாதுகாப்புத் திணைக்களம் 2010இல் வெளியிட்ட ஆய்வொன்றின்படி, சந்தி விபத்துக்களுள் நூற்றுக்கு 22 அளவினவற்றில் இடப்புறம் திரும்புதலே விபத்துக்கு முந்திய செயலாக இருந்தது. வலப்புறம் திரும்புதலோ நூற்றுக்கு ஒன்றளவே. திரும்புவோன் ஒதுங்கி நின்று காலம் பார்த்தற்கெனத் தனித்தடம் அமைக்கப்படுதலின் காரணம் இதுவேயாம்.

வீதியில் இத்தடங்கள் பெருகிய காலத்திலும் படத்தில் அவை இடம்பெறவில்லை. 1985இல் கலிபோர்ணியாவில் ஈற்றக் என்னும் நிறுவனம் காந்த நாடாக்களிற் படத்தைப் பதிந்து வாகனத்துக்குள் வைத்தது. 1990ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின் பொருட்டு அமெரிக்க அரசு ஆக்கிய கணினிப் படத்திலும் வீதி அகலமற்ற ஒரு கோடே. செய்மதிச் சமிக்ஞைகளில் வேண்டுமென்றே புகுத்தப்பட்டிருந்த பிழை 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் நீக்கப்பட்டபின், வழிகாட்டுங் கருவி பொதுமக்கள் கைக்கு எட்டியது. அக்கருவி சாரதியின் செவியிலே பேசத் தொடங்கியதும் படத்தின் குறை வெளிப்பட்டது. 'இடப்புறம் திரும்புக' என்னுங் குரல் எழும்போது அவன் வலக்கோடித் தடத்தில் நிற்பானாயின், அறிவுரையே ஆபத்தாகும். ஒரு தடத்தின் அகலம் பன்னிரண்டு அடி அளவே. வாகனம் எத்தடத்தில் உள்ளது என்பதைச் சாதாரணக் கருவி உறுதியாக அறியமாட்டாது. ஆதலின் எல்லாத் தடங்களையும் முன்கூட்டியே காட்டிச் சாரதியைத் தெரிந்துகொள்ளச் செய்தலே வழியாயிற்று.

2004இல் ஸ்ரீவ் கோஸ்ற் என்பார் இங்கிலாந்தில் தொடங்கிய ஓப்பின் ஸ்ரீற் மப் என்னும் பொதுப்படம் இப்பணியை ஊதியம் பெறாத தொண்டர்களிடம் ஒப்படைத்தது. முற்கூறிய குடிசன மதிப்புப் படம் 2007, 2008ஆம் ஆண்டுகளில் அதனுட் சேர்க்கப்பட்டது. தடங்களோ தொண்டராற் பின்னர் சேர்க்கப்படவேண்டியவையாயின. கோடு செல்லுந் திசையை நோக்கி, இடக்கோடியிலிருந்து 'இடம், நேர், நேர், வலம்' என ஒவ்வொரு தடத்தின் அம்புக்குறியும் நிரலே எழுதப்படும். தனித்தடம் தொடங்குமிடத்திலே கோடு துண்டிக்கப்பட்டு, அத்துண்டுக்கு மட்டும் இக்குறிப்பு உரித்தாக்கப்படும்.

ஈண்டு ஆராயத்தக்க வினா ஒன்றுண்டு. திருப்பத் தடத்தைத் தனிக்கோடாக வரைதல் தகுமா? கண்ணுக்கு அது அழகாகத் தோன்றலாம். ஆயின் தீந்தைக்கோட்டாற் பிரிந்த தடத்தைத் தனிவீதியாக வரைந்தால், இல்லாத பிரிவொன்றைக் கருவி சாரதிக்கு அறிவிக்கும்; தடம் மாறக்கூடிய இடத்தில் மாறலாகாது என்றும் கொள்ளும். ஆதலின் திட்டோ தடுப்போ இடைநின்று பிரித்தால் மட்டுமே தனிக்கோடு என்பது அப்படத்தார் கொண்ட நெறி. கண்டதைக் காட்டுதல் வேறு, உள்ளதை உணர்த்துதல் வேறு என்பதற்கு இந்நெறி சான்றாகும்.

இப்பணியில் அயர்ச்சிக்கு இடமில்லை. வானிலிருந்து எடுத்த நிழற்படத்தில் மரநிழல் அம்புக்குறியை மறைக்கும். காத்து நிற்கும் வாகனமும் மறைக்கும். வீதியைப் புதிதாகத் தீட்டியபின் பழைய குறிப்பே பொய்யாகும். ஒகில்பியின் ஏட்டிற் பிழையிருப்பின் வழிப்போக்கன் சில நாழிகை அலைந்து திரும்பலாம். விரைந்து செல்லும் சாரதிக்கு அத்தகைய அவகாசம் இல்லை. தான் ஒருநாளும் காணாத ஒருவன் தன் குறிப்பை நம்பி எதிர்வரும் வாகனங்களின் குறுக்கே திரும்புவான் என்பதை உணர்ந்தவனே அக்குறிப்பை எழுதத் தக்கவன்.