ஓர் ஆய்வுத் தலைப்புக்கு உரை

1996-இல் 'ஜர்னல் ஆஃப் பயாலஜிக்கல் கெமிஸ்ட்ரி' இதழில் சில்வாக்னோ, சியா, பிரெட் ஆகிய மூவர் எழுதிய கட்டுரையின் தலைப்பைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: நரம்புசார் நைட்ரிக் ஆக்சைடு சின்தேஸ்-மியூ, முதிர்ந்த எலும்புத் தசையில் வெளிப்படும் மாற்றுப் பிளவிணைப்பு வடிவம்.

நரம்புசார் என்ற அடைமொழியை அப்படியே நம்பிவிடக் கூடாது. இந்த நொதியின் மரபணு 1991-இல் எலி மூளையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. பெயர் அங்கிருந்து ஒட்டிக்கொண்டது. மனிதரின் எலும்புத் தசையில் இது ஏராளம் என்பது 1993-இலேயே தெரிந்துவிட்டது.

நைட்ரிக் ஆக்சைடு சின்தேஸ். அர்ஜினைன் என்ற அமினோ அமிலத்தைச் சிட்ருலினாக மாற்றும்போது நைட்ரிக் ஆக்சைடு வாயுவை வெளிவிடும் நொதி இது. செல்லுக்குள் கால்சியம் கூடினால் கால்மோடுலின் புரதம் வந்து பற்றிக்கொண்டு இதை முடுக்கும். தசை சுருங்கவும் அதே கால்சியம்தான் வேண்டும். ஆகவே தசை உழைக்கும்போதே வாயுவும் பிறக்கிறது. அந்த வாயு, ரத்தக் குழாயை இறுக்கச் சொல்லும் நரம்புக் கட்டளையை மட்டுப்படுத்தி, உழைக்கும் தசைக்கு ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்கிறது.

முதிர்ந்த எலும்புத் தசை. தசை முன்செல்கள் ஒன்றோடொன்று இணைந்து நீண்ட இழைகளாகும் கட்டத்தில்தான் மியூ வடிவம் தலைகாட்டுகிறது.

மாற்றுப் பிளவிணைப்பு. உரையின் கனம் இங்கேதான். மரபணுவிலிருந்து படியெடுத்த ஆர்என்ஏவில் இன்ட்ரான்கள் எனும் இடைத்துண்டுகள் நீக்கப்பட்டு, எக்சான்கள் எனும் எஞ்சிய துண்டுகள் ஒட்டப்படுகின்றன. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பது திசுவுக்குத் திசு மாறும். தசையில் 16, 17-ஆம் எக்சான்களுக்கு நடுவே 102 எழுத்துகள் கூடுதலாக நுழைகின்றன. 102 மூன்றால் வகுபடும் எண். அதனால் பின்வரும் வாசிப்பு குலையாமல், கால்மோடுலின் பற்றும் இடத்துக்கு அடுத்து 34 அமினோ அமிலங்கள் சேர்கின்றன. இவ்வளவு சேர்ந்தும் நொதியின் வினைத்திறன் மூளை வடிவத்தை ஏறக்குறைய ஒத்தே இருக்கிறது.

வடிவம் என்று தலைப்பு ஒருமையில் சொல்கிறது. தசையில் இருப்பது மியூ மட்டுமல்ல. நொதியைத் தசைச்செல்லின் சவ்வில் நிறுத்தும் பகுதி 2-ஆம் எக்சானில் உள்ளது; அது சின்ட்ரோஃபின் என்ற புரதத்தின் வழியாக டிஸ்ட்ரோஃபின் என்ற புரதத்தோடு சேர்கிறது. அந்த எக்சான் இல்லாத பீட்டா என்ற வடிவமும் உண்டு. 1993-இல் 2-ஆம் எக்சானை நீக்கி உருவாக்கிய எலிகளை நொதியே இல்லாதவை என்று வெகுகாலம் கருதினார்கள். அவற்றிலும் பீட்டா மிஞ்சியிருந்தது. அது தசைச்செல்லுக்குள் கோல்கை என்ற நுண்ணுறுப்பில் தங்குகிறது என்று 2010-இல் காட்டினார்கள். 6-ஆம் எக்சானை நீக்கி இரண்டு வடிவத்தையும் செயலிழக்கச் செய்த எலிகளின் தசையோ வலுவிழந்து, எளிதில் சோர்ந்தது. ஓர் எக்சானை வெட்டிவிட்டு 'நொதி போய்விட்டது' என்று எழுதிய பழைய கட்டுரைகளை இதை மனத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

டிஸ்ட்ரோஃபின் இல்லாத டுஷேன் தசைச்சிதைவு நோயில் மியூ சவ்வை விட்டு விலகிவிடுகிறது. டிஸ்ட்ரோஃபினில் திரும்பத் திரும்ப வரும் ஸ்பெக்ட்ரின்வகை அலகுகளில் 16, 17-ஆம் அலகுகளும் அதைச் சவ்வில் பிடித்துவைக்க வேண்டும் என்று 2009-இல் கண்டறிந்தார்கள். (எண்கள் ஒத்திருப்பது தற்செயல், முன்சொன்ன எக்சான்களோடு இவற்றுக்குத் தொடர்பில்லை.) இந்நோய்க்கான மரபணுச் சிகிச்சையில், முழு டிஸ்ட்ரோஃபின் மரபணு அதைச் சுமந்துசெல்லும் வைரஸில் அடங்காது. அதனால் சுருக்கித்தான் அனுப்புகிறார்கள். 2023-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மரபணு மருந்தின் சுருக்கப் புரதத்தில் இந்த இரண்டு அலகுகளும் இல்லை.