ஓடைப் பூச்சிக்குப் பெயர் வைத்த கதை

பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் வெயில்தான் முதல் என்றிருக்கிற ஊரில், தண்ணீர்ப் பூச்சியைப் பற்றிப் பேசினால் சிரிப்பார்கள். சிவகாசிப் பக்கத்தில் விலங்கியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கம். அர்ஜுனா நதியில் வருஷத்தில் பெரும்பாலான நாள் மணல்தான். மேற்கே மலையடிவாரத்துக்குப் போனால் சங்கதி வேறு. ராஜபாளையம் அய்யனார் கோவில் ஆற்றிலோ, ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்பு ஓடையிலோ ஓடுகிற தண்ணீருக்குள் கையை விட்டு ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். அடியில் ஒட்டிக் கிடந்த பூச்சி ஒன்று பக்கவாட்டில் விறுவிறுவென்று நகரும். பின்னால் பெரும்பாலும் மூன்று வால் இழை, வயிற்றின் இரு பக்கமும் செவுள் வரிசை, காலுக்கு ஒரே நகம். அதுதான் மேஃபிளையின் இளம்பூச்சி. காலுக்கு இரண்டு நகம் இருந்தால் அது ஸ்டோன்ஃபிளை, வேறு வரிசை.

சிறகு முளைத்து வெளியே வந்து விளக்கடியில் விழும்போது ஜனங்கள் இதையும் ஈசலோடு சேர்த்துவிடுவார்கள். ஈசல் சிறகை முதுகில் படுக்கப் போடும். இது முதுகுக்கு மேலே நிமிர்த்தி வைக்கும். வளர்ந்த பூச்சி தின்பதே இல்லை. இணை சேர்ந்து முட்டையிட்டதும் சாவு. சிலதுக்கு ஒரு நாள், சிலதுக்கு ஒரு சாயங்காலம்.

உலகத்தில் 3,000க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இருக்கிற இந்தக் கூட்டத்துக்குப் பெயர் வைத்தவர்கள், நம் பக்கத்தைப் பொறுத்தவரை, வெகுகாலம் தபாலில் வந்த செத்த பூச்சியை வைத்துத்தான் வேலை பார்த்தார்கள். இலங்கையில் ராம்பொடைப் பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருந்த நீட்னர் என்ற ஜெர்மானியர் பூச்சிகளைப் பிடித்து அனுப்பினார். கோனிக்ஸ்பெர்க்கில் இருந்த ஹேகன் அவற்றைப் பார்த்து 1858இல் எழுதினார். இங்கிலாந்துப் பாதிரியார் ஈட்டன் 1883இலிருந்து 1888 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட பெருநூல்தான் இந்தத் துறைக்கு அஸ்திவாரம். 1955இல் பெல்ஜியத்து டெமுலான் தென்னிந்தியப் பேரினம் ஒன்றுக்கு நாதனெல்லா என்று பெயர் வைத்தார். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் காரைக்கால் பக்கத்துக் குரும்பகரம் பி. சூசை நாதன்தான் ஞாபகத்துக்கு வருவார். உலகத்து மியூசியங்களுக்கெல்லாம் பூச்சி பிடித்து அனுப்பிய மனிதர். நம் ஊரில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்?

தபால் வேலையில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. சிற்றினத்தை உறுதி செய்வது பெரும்பாலும் வளர்ந்த ஆணின் வயிற்று நுனியில் இருக்கிற இனப்பெருக்க உறுப்பை வைத்து. ஆனால் ஓடையில் மாதக்கணக்காகக் கிடைப்பது இளம்பூச்சி. இந்த இளசுதான் அந்த ஆணாக மாறியது என்று யார் சொல்வது? லண்டனில் உட்கார்ந்து எத்தனை பாட்டிலைத் திறந்தாலும் அது தெரியாது. ஓடைக்கரையில் காத்துக் கிடக்க வேண்டும். இளம்பூச்சியின் சிறகு மொட்டு கறுத்துவிட்டால் வெளிவரும் நேரம் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். அதைப் பொத்தல் போட்ட பிளாஸ்டிக் டம்ளரில் விட்டு, வாயை வலைத்துணியால் கட்டி, ஓடும் தண்ணீரிலேயே பாதி முங்கும்படி வைப்போம். முதலில் வருவது மங்கலான சிறகோடு இருக்கும். அது மறுபடியும் ஒரு தோல் உரிக்கும். சிறகு வந்த பிறகும் தோல் உரிக்கிற பூச்சி இது ஒன்றுதான். கழற்றிப் போட்ட தோல்களையும் வளர்ந்த பூச்சியையும் ஒரே சீசாவில் சாராயத்தில் போட்டு மூடினால் சாட்சி முழுசு.

பிறகு மைக்ரோஸ்கோப் வேலை. கடுகளவு தலையிலிருந்து மேலுதடு, தாடை, கீழுதடு என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் கண்ணாடியில் பரப்ப வேண்டும். என் மாணவர்களில் வீட்டில் தீப்பெட்டி ஒட்டி வளர்ந்த பெண் பிள்ளைகளுக்கு இது சுலபமாக வந்தது. ஊசியைப் பிடிக்கிற விதத்திலேயே தெரிந்துவிடும். அந்தக் கை எப்படி அவ்வளவு பக்குவப்பட்டது என்று நினைத்தால் சந்தோஷப்பட முடியாது, அது வேறு விஷயம்.

இந்த வேலையைத் தெற்கே ஊன்றியவர் மதுரையைச் சேர்ந்த கே. ஜி. சிவராமகிருஷ்ணன். குற்றாலத்து ஓடைகளின் மேஃபிளைகளைப் பற்றி எஸ். வி. ஜாபுடன் சேர்ந்து 1981இல் எழுதினார். அதற்கு முன் 1970இல் அமெரிக்காவின் பீட்டர்ஸும் எட்மண்ட்ஸும், லெப்டோஃப்ளெபியிடே குடும்பத்தின் கிழக்குலகப் பேரினங்கள் முழுவதையும் திருத்தி அடுக்கியிருந்தார்கள். அந்த அடுக்கில் சேராத பூச்சி நம் ஓடைகளில் இருந்தது. 1984இல் பீட்டர்சுலா கோர்ட்டலென்சிஸ், 1985இல் எட்மண்ட்சுலா லோட்டிகா என இரண்டு புதுப் பேரினங்களைச் சிவராமகிருஷ்ணன் நிறுவினார். நோட்டோஃப்ளெபியா ஜோபி என்ற பெயரில் ஜாபும் இருக்கிறார். வெள்ளைக்காரர் பெயரை நம்ம ஊர்ப் பூச்சிக்கு ஏன் வைக்க வேண்டும் என்று ஒரு மாணவன் கேட்டான். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த ஊர்க்காரன் கேட்கிற கேள்வியா இது என்றேன். வித்தை தந்தவனுக்கு மரியாதை; ஆனால் பெயரை வைத்தது இங்கிருப்பவர் என்பதுதான் எனக்குப் பெரிசு.

2009இல் இந்தியத் துணைக்கண்டத்து மேஃபிளைகளுக்கு வந்த விளக்கப் பட்டியலில் 200 சிற்றினங்களுக்கு மேல் இருக்கின்றன. அதன் முதல் ஆசிரியரும் சிவராமகிருஷ்ணன்தான். இப்போது டி.என்.ஏ. பார்த்து இளசையும் முதிர்ந்ததையும் சேர்த்துவிடுகிறார்கள், டம்ளர் கட்டத் தேவையில்லை.

என் குறை ஒன்றுதான். கோர்ட்டலென்சிஸ் வழியாகக் குற்றாலம் பூச்சிப் பெயரில் ஏறிவிட்டது. 2008இல் சார்ட்டோரி வைத்த டெலொகனோடஸ் கோடை வழியாகக் கொடைக்கானலும் ஏறியது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் மலை. 2021இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாகிவிட்டதால் பூச்சி எடுக்கவும் வனத்துறை அனுமதி வேண்டும். மனுப்போட்டு வாங்குவது ஒன்றும் முடியாத காரியமில்லை. விருதுநகர் மாவட்டத்துக் கல்லூரிகளில் விலங்கியல் படிக்கிற பிள்ளைகளுக்கு இதைவிடப் பக்கத்தில் வேறு ஓடை கிடையாது.